போறேன் என்று சொன்னவள்

மணப்பாடு
10 ஜூன் 2024

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

ஷெர்லின் எழுதுவது. இந்தக் கடிதத்தை, இங்கிருந்து அலுவலகம் வரும் டெரன்ஸ் உங்கள் மேசையில் வைப்பான். கம்ப்யூட்டரிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் "மெயில் கப்பலுக்கு, வாட்ஸப் குட்மார்னிங்குக்கு, மனுசனுக்கு மனுசன் காயிதம்தான்" என்பது நம் அலுவலகச் சட்டம். ஆறு வருஷம் அந்தச் சட்டத்துக்குள் இருந்தவள் நான்.

முதலில் வெள்ளிக்கிழமை நடந்ததைப் பற்றி. சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் அறை வாசலில் ஒவ்வொருவராக நின்று "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்போம். நீங்கள் ஒவ்வொருவருக்கும் "வாங்க" என்பீர்கள். எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் அலுவலகத்தைப் பூட்டுவீர்கள். அன்றைக்கு நான் "போறேன்" என்றேன். போயிட்டு வாரேன் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது அந்த ஒரு வார்த்தைதான். டெரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான். நீங்கள் "வாங்க" சொல்லவில்லை. நான் படியிறங்கிவிட்டேன்.

அதற்குக் காரணம் அதற்கு ஐந்து நிமிடம் முன்பு நீங்கள் சொன்னது. "வீட்லயிருந்து வேலை பாக்கப் போறியா? என் கண்ணுல படாத வேலை வேலையே இல்ல, ஏளா."

அப்போது சொல்லக் கூச்சப்பட்டதை இப்போது எழுதுகிறேன். எனக்கு ஐந்தாவது மாதம். இதற்கு முன் இரண்டு முறையும் இந்த மாதத்தைத் தாண்டியதில்லை. திருச்செந்தூரில் டாக்டர் கிரேசி, மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்குப் போகவர நான் தினமும் பஸ்ஸில் குலுங்குவதைக் கேட்டுவிட்டு, "பஸ்ஸா, பிள்ளையா? ஒண்ணச் சொல்லு" என்றார். பிரசவம் வரை படுத்திருக்க வேண்டும். அதுவும் இடது பக்கமாக.

வேலையை விட்டுவிடு என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். முதல் தடவை, பழைய கம்பெனியில், விட்டேன். பிறகு பிள்ளையும் இல்லை, வேலையும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்த மாதங்களுக்கு நான் திரும்பிப் போக மாட்டேன், அண்ணாச்சி. என் வீட்டுக்காரர் ரெக்சன் கப்பலில் இருக்கிறார். இப்போது பிரேசில் பக்கம். அவர் வரும்போது நானாவது முழுதாக இருக்க வேண்டும்.

கப்பல் வருமுன் துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் காகிதம் அனுப்புவது, கப்பலை உள்ளே கொண்டுவரப் பைலட் கேட்பது, கப்பல் கட்டி நிற்கப் பெர்த் வாங்குவது. இதுதான் என் வேலை. இதில் எதற்கும் நான் கப்பலைத் தொடுவதில்லை. தொடுவது கம்ப்யூட்டரை. அது இங்கேயும் இருக்கிறது.

அனுமதி வேண்டும்.

பணிவுடன்,
ஷெர்லின் ரெக்சன்


தூத்துக்குடி
12 ஜூன் 2024

ஷெர்லினுக்கு,

சிவனணைந்தபெருமாள் எழுதுவது. அலுவலகம் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழை இல்லை. அதனால் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

அந்த விஷயம் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நீ "உடம்புக்கு முடியல" என்று மட்டும்தான் சொன்னாய். நம் அலுவலகத்தில் உடம்புக்கு முடியாதவர்கள் மறுநாள் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பந்தியில் இருப்பார்கள் என்பது என் அனுபவம். உன் விஷயத்தில் அந்த அனுபவம் பொருந்தவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும். அதில் நமக்குள் தகராறு கிடையாது.

ஆனால் வேலை என்பது வேறு. கொரோனா நேரத்தில் கணக்கு பார்க்கும் இசக்கியப்பனுக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தேன். ஊரடங்கு முடிந்து பார்த்தால் அவன் பிராய்லர் கடை வைத்திருந்தான். கடை நன்றாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான் கோழி வாங்குகிறேன். அது வேறு.

இந்தத் தொழிலில் நாற்பது வருஷம் இருந்து நான் கற்றது ஒன்றுதான். கண்ணால் பார்த்ததை நம்பு, மற்றதைக் கேட்டுக்கொள். கேப்டன் நாளைக்கு வருகிறேன் என்பான். மறுநாளும் நாளைக்கு வருகிறேன் என்பான். கயிறு கட்டிய பிறகே கப்பல் வந்தது என்று நான் எழுதுவேன். ஆளும் அப்படித்தான்.

பிறகு அந்த வார்த்தை. இந்த அலுவலகத்தில் சண்டை போட்டுப் போனவன், மேசை மேல் சாவியை எறிந்துவிட்டுப் போனவன், என் முகத்துக்கு நேரே பேப்பரைக் கிழித்தவன், எல்லோரும் போகும்போது "போயிட்டு வாரேன்" என்றுதான் போனார்கள். நீதான் முதல் ஆள். நான் அன்றைக்குப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நாற்காலி காலியாக இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சிவனணைந்தபெருமாள்


மணப்பாடு
15 ஜூன் 2024

அண்ணாச்சிக்கு,

நாற்காலியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் கடற்கரையை நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட போர்த்துகல் ராஜாக்களில் ஒருவர்கூட இங்கே வந்ததில்லை. எல்லா வேலையும் லிஸ்பனில் இருந்துதான். கைரேகை வைக்கவில்லை. ஆறு மணிக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும் மேசை அவர்கள் சொல், ஜன்னல் அவர்கள் சொல், அலமாரியும் சாவியும் அவர்கள் சொல். நீங்கள் கையெழுத்துப் போடும் பேனாகூட அவர்களுடையதுதான். அவர்கள் சொல்லை எல்லாம் எடுத்துவிட்டால் அந்த அறையில் மிச்சம் இருக்கும் தமிழ்ப் பொருள் நாற்காலி ஒன்றுதான். அதையே நீங்கள் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

வேற்று மதத்து உதாரணம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. அங்கே உறங்காப்புளி மரத்தின் அடியில் இருந்த ஆழ்வார் அந்த மரத்தை விட்டு எழுந்தே போகவில்லை, பெருமாள்கள்தான் அவரைத் தேடி வரிசையில் வந்து நின்றார்கள் என்று ஆயுத பூஜை அன்று எங்களுக்குக் கண் கலங்கச் சொன்னது நீங்கள்தான். அவரை யாரும் அலுவலகத்துக்கு வரச் சொல்லவில்லை.

கடைசியாக, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். நம் அலுவலக போர்டில் "சிவனணைந்தபெருமாள் அண்டு சன்ஸ்" என்று இருக்கிறது. அந்த சன்ஸ் இருவரும் டொரண்டோவில் இருக்கிறார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து அவர்களை அலுவலகத்தில் பார்த்ததில்லை. போர்டில் பெயர் இருக்கிறது. கண்ணில் படாத வேலை வேலையில்லை என்றால் அந்த போர்டைப் பெயிண்டரிடம் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு கப்பல் கொடுங்கள். அதை இங்கிருந்து உள்ளே கொண்டுவருகிறேன். முடியவில்லை என்றால் நானே "போறேன்" என்று எழுதிக் கொடுக்கிறேன். இந்த முறை பிழையாக இருக்காது.

ஷெர்லின்


தூத்துக்குடி
19 ஜூன் 2024

ஷெர்லினுக்கு,

உன் ராஜாக்கள் லிஸ்பனில் இருந்து வேலை பார்த்தது உண்மை. 1658-இல் டச்சுக்காரன் தூத்துக்குடிக்கு வந்து அதை எடுத்துக்கொண்டான். அவன் நேரில் வந்தான். வரலாற்றைப் பாதியில் நிறுத்துவது வழக்கறிஞர்கள் வேலை.

நீ உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலிக்குக் கால் ஐந்து. அதனால் அதுவும் தமிழ் இல்லை.

புளியமரத்தடியில் இருந்தவரை இழுத்தது நியாயம் இல்லை. அவர் சம்பளம் கேட்கவில்லை.

மூன்றாவதாக நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. ஆனால் கடிதத்தை வீட்டு மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். என் மனைவி செல்லக்கிளி எடுத்துப் படித்துவிட்டாள். சன்ஸ் என்ற இடம் வந்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள். "ஒம்மள இப்படிக் கேக்க ஒரு ஆளு இத்தன வருசம் கழிச்சுதான் வந்துருக்கா. அந்தப் பிள்ளைக்கு ஒரு கப்பலக் குடுத்தா கடலு வத்திருமோ?" என்றாள். கடல் வற்றாது என்பதை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது வேறு இடத்தில் போய் நின்றது.

ஒரு கப்பல். எம்.வி. ஹேலியன் ஸ்டார், இந்தோனேசியாவில் ஏற்றிய நிலக்கரி. பாதியை மங்களூரில் இறக்கிவிட்டு மீதியோடு இங்கே வருகிறது. ஜூலை முதல் வாரம். அதோடு கூட அன்றாட வேலையும். நமக்குள் தொலைபேசி வேண்டாம். நீ பேசினால் எனக்குக் கோபம் வருகிறது, எழுதினால் சற்று மெதுவாக வருகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் என்னை உறுத்துகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள் ஆறு மணிக்கு எங்கே போய் எங்கே வருவாள்? "போயிட்டு வாரேன்" என்பதை யாரிடம், எந்த வாசலில் நின்று சொல்வாள்? வேலை எப்போது முடிந்தது என்று அவளுக்கே எப்படித் தெரியும்? இதை யோசித்து எழுது. கிண்டலாகக் கேட்கவில்லை.

சிவனணைந்தபெருமாள்


மணப்பாடு
30 ஜூன் 2024

அண்ணாச்சிக்கு,

வேலை நடக்கிறது. அது உங்களுக்கே தெரியும், மெயிலில் பார்க்கிறீர்கள். மெயிலில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

என் கட்டில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. இடது பக்கமாகப் படுத்தால் முகம் கடலுக்கு நேராக இருக்கும். டாக்டர் இடது என்று சொன்னது இரத்த ஓட்டத்துக்காக. ஆனால் வலது என்று சொல்லியிருந்தால் குசினிச் சுவரும் சமையல் புகையும்தான். கச்சான் காற்று அடிக்கிறது. மணல் ஜன்னல் வழியாக வந்து கீபோர்டில் உட்காருகிறது. 'எ' என்ற எழுத்தை அழுத்தினால் கரகரவென்கிறது. அம்மா ஹில்டா பெயிண்டிங் பிரஷ்ஷால் துடைத்துக் கொடுக்கிறாள். "ஒனக்குப் படுத்துக்கிட்டே சம்பளம் தாராவளா? எங்க காலத்துல படுத்தா சோறே தர மாட்டாவ" என்கிறாள்.

பிறந்ததிலிருந்து இந்தக் கடலைப் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. விடியுமுன் பஸ் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிறவளுக்கு ஏது கடல்? போன வாரம் ஒரு கப்பல் கன்னியாகுமரி பக்கத்திலிருந்து வந்து, ஜன்னலின் வலது சட்டத்தில் நுழைந்து, இடது சட்டத்தில் வெளியேறியது. அவ்வளவுதான். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நான் ஒன்றும் செய்யவில்லை. (சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.) பிறகு பெயரைத் தேடிப் பார்த்தால் அது நம் கப்பல். அதற்கு முந்தின நாள் பைலட் கேட்டு எழுதியது நான். ஐம்பதாயிரம் டன் எடையுள்ள ஒன்று என் ஜன்னலைக் கடந்து போகிறது, நான் எழுதிய நாலு வரியைப் பிடித்துக்கொண்டு. எழுதியவளோ ஒரு பக்கமாகப் படுத்திருக்கிறாள், எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அலுவலகத்தில் இந்த நாலு வரியை ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் சிலிர்த்ததில்லை.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில். ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடுகிறேன். பிறகு கொஞ்ச நேரம் வலது பக்கம் திரும்பிப் படுக்க டாக்டர் அனுமதித்திருக்கிறார். இடதிலிருந்து வலது. அதுதான் நான் வீட்டுக்குப் போவது. திரும்புமுன் ஜன்னலைப் பார்த்து "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்கிறேன். முதல் நாள் அம்மா, "யாருட்ட பேசுத?" என்று ஓடி வந்தாள். பதில் வருவதில்லை. பழகிவிட்டது.

டெரன்ஸ் ஒன்று சொன்னான். ஆறு மணிக்கு நீங்கள் ஏழு பேருக்கு எட்டு "வாங்க" சொல்கிறீர்களாம். நான் நம்பவில்லை.

ஹேலியன் ஸ்டார் காகிதம் எல்லாம் போய்விட்டது. புதன்கிழமை மத்தியானம் வரும் என்று கேப்டன் எழுதியிருக்கிறார்.

ஷெர்லின்


தூத்துக்குடி
4 ஜூலை 2024

ஷெர்லினுக்கு,

டெரன்ஸுக்கு எண்ணத் தெரியாது. கப்பலில் மாலுமிகளையும் அப்படித்தான் எண்ணுகிறான்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உனக்குத் தெரிந்த பாதி ஒன்று, எனக்குத் தெரிந்த பாதி ஒன்று.

அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். தொலைபேசி அடித்தது. நமக்குள் தொலைபேசி வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். உன் பெயரைப் பார்த்ததும் அந்த விஷயத்தில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். நீயோ எடுத்த எடுப்பில் கத்தினாய். "அண்ணாச்சி, ஹேலியன் ஸ்டார் இங்கன நிக்கி! ஜன்னல்ல நிக்கி! இன்னைக்கே வாரான்!"

எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கப்பல் கன்னியாகுமரிக்கு மேற்கே நின்றது. முந்தின நாளிலிருந்து அதே இடத்தில்தான் நின்றது. கேப்டனிடமிருந்து மெயிலும் இல்லை. இடம் சொல்லவும் மெயில் அனுப்பவும் கப்பலில் இருந்த கருவி கெட்டுப்போய்விட்டது என்பது பிறகு தெரிந்த கதை. அப்போது என் முன்னால் இருந்தது இரண்டு சாட்சி. ஒன்று, கோடிக்கணக்கில் செலவழித்து வானத்தில் ஏற்றி வைத்த சாட்டிலைட். இன்னொன்று, ரெக்சனின் பைனாகுலரோடு கட்டிலில் கிடக்கும் நீ. ஐந்து மணிக்குள் பைலட் கேட்காவிட்டால் அன்று காலியாகும் பெர்த் வேறு ஏஜென்ட்டின் கப்பலுக்குப் போய்விடும். பிறகு நம் கப்பல் வாரக்கணக்கில் வெளியே நங்கூரத்தில் கிடக்கும். கேட்டு, கப்பல் வராவிட்டால், பைலட் வெறும் கடலைச் சுற்றிவிட்டு வருவார். அதை இந்தத் துறைமுகம் என் கருமாதி வரை சொல்லிச் சிரிக்கும்.

நான் கேட்டது ஒரே வார்த்தை. "பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. நாலு மஞ்சக் கிரேன், செவப்புப் புகைக்குழா, அதுல வெள்ளையா நட்சத்திரம். என் கண்ணால பாத்தேன்."

என் கண்ணால் என்று நீ சொன்னதும் எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. கண்ணால் பார்த்ததை நம்பு என்று நாற்பது வருஷமாக ஊருக்குச் சொன்னவன் நான். அன்றைக்கு இந்தத் துறைமுகத்தில், ஏஜென்ட், சுங்கம், பைலட், அத்தனை பேரிலும் அந்தக் கப்பலைக் கண்ணால் பார்த்தது நீ ஒருத்திதான். அலுவலகத்தில் இருந்த நாங்கள் எட்டுப் பேரும் (என்னைச் சேர்த்து, டெரன்ஸ் எண்ணியது இல்லை) திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பைலட் கேட்டேன். பிறகு டெரன்ஸைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏழு மணிக்குச் சற்று முன்னால் டெரன்ஸ் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். "அண்ணாச்சி, வந்துட்டான்." திரையில் கப்பல் இன்னும் கன்னியாகுமரியில்தான் இருந்தது. வெளியே, பெர்த்தில் கயிறு கட்டிய பிறகு, அதன் விளக்கு தெரிந்தது. என் வாழ்நாளில் ஒரு கப்பல் இரண்டு இடத்தில் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் சொன்னேன். செல்லக்கிளி கரண்டியைக் கீழே வைத்தாள். "போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போன ரெண்டு பேரும் இன்னும் வரல. போறேன்னு சொன்னவ கப்பலையே கூட்டிட்டு வந்துட்டா" என்றாள்.

இருந்தாலும் ஒரு கப்பல் சட்டம் ஆகாது. நான் நேரில் வந்து உன் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும்.

சிவனணைந்தபெருமாள்


தூத்துக்குடி
9 ஜூலை 2024

ஷெர்லினுக்கு,

கப்பல் வந்த மறுநாளே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று டெரன்ஸ் இப்போதுதான் சொன்னான். நான் கோபப்படுவேன் என்று நீ சொல்லவேண்டாம் என்றாயாம். கோபப்பட்டேன்.

நீ எதுவும் எழுத வேண்டாம். கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். நீ அன்று கத்தியதால்தானா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதுவும் இப்போது வேண்டாம்.

செல்லக்கிளி திருச்செந்தூர் முருகனிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள் ஆயிற்றே என்றேன். "அவரும் கடக்கரையிலதான இருக்காரு. பக்கத்து ஊருக்காரப் பிள்ளைன்னு பாக்க மாட்டாரா?" என்கிறாள்.

நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சிவனணைந்தபெருமாள்


மணப்பாடு
24 ஜூலை 2024

அண்ணாச்சிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கத்தியதால் இல்லை என்று டாக்டர் கிரேசி சொன்னார். கத்தியதற்காகவும் தனியாகத் திட்டினார்.

முதல் இரண்டு முறையும் இதே ஆஸ்பத்திரி. இதே அறையில் ஒரு கருவியை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைத் தேடுவார்கள். கரகரவென்று சத்தம் வரும், வேறு ஒன்றும் வராது. அந்த வெற்றுச் சத்தத்தை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இந்த முறையும் முதலில் அதுதான் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, வெகு தூரத்தில், வள்ளத்து எஞ்சின் மாதிரி ஒன்று. டுக்கு டுக்கு டுக்கு என்று. நிற்காமல், அவசரமாக, எங்கேயோ போய்ச் சேர வேண்டியது மாதிரி. அம்மா முழங்கால் போட்டுவிட்டாள். நர்ஸ் "ஏன் அழுதிய, நல்லாத்தான இருக்கு" என்றாள். நல்லா இருப்பதால்தான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

அண்ணாச்சி, நான் பார்க்காத ஒன்று. தொடாத ஒன்று. எனக்குள்ளேயே இருந்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல், இரவும் பகலும் வேலை பார்க்கிறது.

இப்போது ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும். நீங்கள் ஹேலியன் ஸ்டாருக்காக எனக்கு அனுமதி கொடுக்க நினைத்தால் வேண்டாம். அது என் ஜன்னல் செய்த வேலை. கச்சான் மணல் இன்னும் கொஞ்சம் எழும்பியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் அந்நேரம் கொஞ்சம் கண் அயர்ந்திருந்தால் கப்பல் போயிருக்கும். என் வேலை அதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது. சுங்கம், சுகாதாரம், மாலுமிகள் பட்டியல், எல்லாம் போய்ச் சேர்ந்திருந்ததால்தான் அந்தக் கப்பலால் ஒரு நாள் முன்னால் வந்தும் உள்ளே நுழைய முடிந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அதிசயம் ஒரு நாள் நடக்கும். மற்ற நாளெல்லாம் காகிதம்தான். அந்த மற்ற நாட்களுக்காக அனுமதி கொடுங்கள். இல்லையென்றால் கொடுக்க வேண்டாம்.

வந்து பாருங்கள். ஆனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஷெர்லின்


தூத்துக்குடி
31 ஆகஸ்ட் 2024

ஷெர்லினுக்கு,

நேற்று உன் வீட்டுக்கு வந்துபோனதைப் பற்றி.

நீ சொன்னது சரி. பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், காதில் போனை வைத்துக்கொண்டு துறைமுகத்தில் யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கும் நீ. "உக்காருங்க அண்ணாச்சி" என்று கையைக் காட்டிவிட்டு மிரட்டலைத் தொடர்ந்தாய். உன் சுழல் நாற்காலியைக் காரில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். படுத்திருப்பவளுக்கு நாற்காலி எதற்கு என்று வழியில் எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அது காலியாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை. நான் புறப்படுவதற்குள் உன் அம்மா அதில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "நல்லாச் சுத்துது" என்றார். அலுவலகச் சொத்து பயன்படுகிறது.

நீ பேசி முடிக்கட்டும் என்று சிலுவைக் கோயில் குன்றுக்கு ஏறினேன். கொடியேற்றத்துக்கு விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே காற்று வேட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தது. மணலில் நின்று தெற்கே பார்த்தேன். ஒன்றுமில்லை. வானம் முடிகிற கோடு மட்டும். திரும்பலாம் என்று நினைத்தபோது அந்தக் கோட்டின் மேல் ஒரு குச்சி நின்றது. முன்பு இல்லை, இப்போது இருக்கிறது. குச்சிக்குக் கீழே ஒரு வெள்ளை. வெள்ளைக்குக் கீழே ஒரு கறுப்பு. அடியில் இருந்து யாரோ இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கிக் கொடுப்பதுபோலக் கப்பல் கடலுக்குள்ளிருந்து ஏறி வந்தது.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது வருஷமாகக் கப்பலை வரவழைப்பது என் தொழில். ஒரு கப்பல் வருவதை நான் பார்த்ததே இல்லை. கயிறு கட்டிய கப்பலைத்தான் பார்த்திருக்கிறேன். அது இரும்புக் கட்டடம் மாதிரி இருக்கும். கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடுவேன். இத்தனை காலமும் நானும் வீட்டிலிருந்து வேலை பார்த்தவன்தான். வீட்டுக்குப் பெயர் அலுவலகம் என்று வைத்திருந்தேன், அவ்வளவுதான். கண்ணால் பார்த்ததை நம்பு என்று சொல்லிக்கொண்டு, பார்க்காத கப்பல்களை நம்பியே பிழைத்திருக்கிறேன். அவையும் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. யாரோ எங்கேயோ படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ அவற்றுக்கெல்லாம் நாலு வரி எழுதியிருக்கிறார்கள். ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

விளக்கு கட்டிக்கொண்டிருந்தவர் வந்து, "என்ன அண்ணாச்சி, தல சுத்துதா?" என்றார். "கப்பல் வருது" என்றேன். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா, வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அனுமதி கொடுத்திருக்கிறேன். பிரசவம் வரை மட்டும் இல்லை. அதற்குப் பிறகும் நீ எங்கிருந்து பார்க்க நினைக்கிறாயோ அங்கிருந்து. மற்ற நாட்களுக்காகத்தான், அதிசயத்துக்காக இல்லை. முத்திரை வைத்த கடிதம் டெரன்ஸ் கையில் தனியாக வருகிறது. இசக்கியப்பனுக்கு இது தெரிய வேண்டாம்.

ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குன்றிலிருந்து இறங்கி வந்தபோதும் நீ போனில்தான் இருந்தாய். நான் பார்த்த கப்பலுக்குத்தான் பைலட் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று உன் அம்மா சொன்னார். இருட்டுமுன் கிளம்ப வேண்டும் என்பதால் உன் அறை வாசலில் நின்றேன். இதுவரை நான் யாரிடமும் அப்படி நின்றதில்லை. மற்றவர்கள்தான் என் வாசலில் வந்து நிற்பார்கள். "போயிட்டு வாரேன், ஷெர்லின்" என்றேன். குரல் சரியாக வரவில்லை, பழக்கம் இல்லை. காற்று வேறு. நீ ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். உனக்குக் கேட்கவில்லை.

பதில் வராமல் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று திருச்செந்தூர் வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். இன்று சாயங்காலம் ஏழு பேருக்கும் "வாங்க" சொல்லி அனுப்பிவிட்டேன். பூட்டு கையில் இருக்கிறது. பூட்ட மனம் வரவில்லை.

சிவனணைந்தபெருமாள்


மணப்பாடு
2 செப்டம்பர் 2024

வாங்க, அண்ணாச்சி.

நாங்க ரெண்டு பேரும் இங்கனதான் இருக்கோம்.

ஷெர்லின்